கனடாவிலும் ஒரு கடைமடை

1

கனடாவில் வாய்க்காலுக்குத் தண்ணீர் சொன்ன நேரத்துக்கு வந்துவிடும். இதை நம்பாததால் எனக்கு முழுசாக ஒரு வருடம் வீணாய்ப் போனது.

என் பெயர் எஸ்தர். மயிலாடுதுறைக்குக் கிழக்கே, காவிரித் தண்ணீர் எல்லா ஊருக்கும் போய்விட்டு மிச்சமிருந்தால் எட்டிப் பார்க்கும் கடைமடைக் கிராமம் ஒன்றில் பிறந்தவள். நர்ஸ் வேலை என்னைச் சென்னைக்குக் கொண்டுபோனது, அங்கிருந்து குவைத்துக்கு, அங்கிருந்து இங்கே. ஆல்பர்ட்டா மாகாணத்தின் தெற்குக் கோடியில், காற்று ஓயாத ஒரு சிறு நகரத்தில் இருக்கிறோம். நான் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். கணவர் ஜான்சன் தொலைதூர லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் எல்லைக்கு அந்தப் பக்கம். மகள் ஷாரனுக்குப் பதினாறு வயது. தமிழ் முழுக்கப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

எனக்குப் படம் எடுக்கிற பைத்தியம் உண்டு. வேலைக்குப் போகும் முன்னால் ஒரு மணி நேரம், வந்த பின்னால் ஒரு மணி நேரம், லீவு நாளில் நாள் முழுக்க, கேமராவும் கழுத்துமாக அலைவேன். வாத்து, ஆந்தை, கோதுமை வயல், மேகம் எதையும் விடுவதில்லை. ஆனால் மனசுக்குள் ஒரே ஒரு படம்தான் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. காய்ந்து கிடக்கிற வாய்க்காலில் புதுத்தண்ணீர் வருகிற படம். நுரையும் சருகுமாக, மண்ணை மோந்து மோந்து, நின்று நின்று வரும் பாருங்கள், அந்தத் தண்ணீரின் முகம். அதை நேருக்கு நேர் எடுக்க வேண்டும். அதற்காக நான் பட்ட பாட்டைத்தான் எழுதப்போகிறேன்.

2

ஊரில் இருக்கும்போது ஏன் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். கேமரா இருந்தது. சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்தது. வெளிநாட்டுச் சாமான்கள் கடைத்தெருவுக்கே வர ஆரம்பித்திருந்த சமயம், மயிலாடுதுறையில் கலர் பிரிண்ட் போடுகிற கடையும் வந்திருந்தது. ஆனால் பிலிம் ரோல் வீட்டின் பொதுச்சொத்து. கல்யாணம், ஞானஸ்நானம், கிறிஸ்துமஸ், இவற்றுக்குத்தான் பீரோவிலிருந்து வெளியே வரும். எல்லோரும் பவுடர் பூசி, கையைத் தொங்கவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சிரித்தால் படம் கெட்டுப்போகும் என்று ஒரு நம்பிக்கை.

ஒருமுறை யாருக்கும் தெரியாமல் நடவு வயலை ஒன்று எடுத்தேன். தண்ணீரும் வானமும் ஒரு கொக்கும். பிரிண்ட் வந்ததும் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல யாரு இருக்கா?" என்றார். 

"யாரும் இல்லப்பா. வயல்தான்."

"அதுதான் வாசல்ல நின்னா தெரியுதே. இதுக்குப் போயி ஒரு பிலிமா?"

அப்பா கோபக்காரர் இல்லை, உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. ஆள் இல்லாத போட்டோ அவருக்கு இலை போட்டுச் சோறு போடாத மாதிரி. வாய்க்காலில் முதல் தண்ணீர் வருகிற நாளில் கேமராவைக் கேட்டுப் பார்த்தேன், அம்மா பீரோச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு விட்டார்கள். அதனால் நானும் மற்றவர்கள் செய்ததையே செய்தேன். தண்ணீருக்கு முன்னால் பின்பக்கமாக ஓடிக் கூச்சல் போட்டேன். அது ஒன்றும் குறைந்த சுகமில்லை. பூ எறிகிறவர்கள் எறிவார்கள், அப்பா ஒரு பிடி விதைநெல்லை எறிவார், சர்ச்சுக்குப் போகிறவர்கள், கோவிலுக்குப் போகிறவர்கள் என்று யாரும் தனியாக நிற்க மாட்டார்கள். 

பிறகு படிப்பு, வேலை, விசா. ஒவ்வொரு முறை ஊருக்குப் போனதும் கிறிஸ்துமஸுக்குத்தான். டிசம்பரில் போனால் மழையும் சேறும் பலகாரமும் இருக்கும். புதுத்தண்ணீர் ஜூனில் வருகிற சமாச்சாரம். அதை நான் பார்த்தே கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

3

இந்த ஊரில் வாய்க்கால் இருப்பதே எனக்கு முதல் சில வருடங்கள் தெரியாது. வந்த புதிதில் சர்டிபிகேட் சரிபார்க்கிறேன் என்று ஒரு அலுவலகம் என்னைப் பந்தாடியது. பதினைந்து வருடம் ஊசி போட்டவளிடம், ஊசி போடத் தெரியும் என்பதற்குப் படித்த காலேஜிலிருந்து முத்திரை வைத்த கவர் வேண்டும் என்றார்கள். முத்திரை வைத்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்தக் கவர் வந்து சேரும்வரை அதே முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றினேன். அப்போதுதான் மனசை ஆற்றிக்கொள்ள நடக்க ஆரம்பித்தேன்.

இங்கே நடப்பதற்கென்றே செருப்பு, தொப்பி, தண்ணீர்க் குடுவை, இரண்டு கைத்தடி எல்லாம் விற்கிறார்கள். வெயிலில் வேலைவெட்டி இல்லாமல் நடப்பதற்கு இவ்வளவு செலவா என்று ஜான்சன் வாயைப் பிளந்தார். நான் ஒரு பழைய கேமராவை வாங்கிக்கொண்டேன். கேமரா கையில் இருந்தால் சும்மா நடக்கவில்லை, ஒரு காரியமாகத்தான் நடக்கிறோம் என்று தோன்றும். நம் ஊர்ப் புத்தி போகாதே.

அப்படி நடந்துபோன ஒரு நாளில்தான் பார்த்தேன். உருளைக்கிழங்கு வயலுக்கும் சோள வயலுக்கும் நடுவே ஒரு வாய்க்கால். மண் வாய்க்கால். மதகு, ஷட்டர், கரை, கரைமேல் புல். அடிமண் வெடித்துக் கிடக்கிறது. அப்படியே எங்கள் ஊர் வாய்க்கால். கரையில் பிக்கப் வண்டியை நிறுத்திவிட்டு ஒருவர் ஷட்டருக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். பெயர் கென். எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று பார்த்துத் திறந்து விடுவதுதான் அவர் வேலை. நம் ஊரில் லஸ்கர் என்று சொல்வோமே, அந்த உத்தியோகம். ஆல்பர்ட்டாவில் ஒரு லஸ்கரைப் பார்ப்பேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை. பத்து மணி" என்றார் கென்.

நான் சிரித்துவிட்டேன். மேட்டூரைத் திறந்தாயிற்று என்று பேப்பரில் வந்து, கல்லணையைத் திறந்தாயிற்று என்று பேப்பரில் வந்து, மந்திரி பூத் தூவிய போட்டோவும் வந்து, அதன் பிறகும் நாற்று விட்டவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஊர் எங்களுடையது. இவர் ரயில்வே கைடு மாதிரி மணி சொல்கிறார். வெள்ளிக்கிழமை போனால் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனாலும் மனசு கேட்காமல் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சும்மா ஒரு நடை போனேன். வாய்க்கால் கரைதொட ஓடிக்கொண்டிருந்தது. மேலே இரண்டு வாத்துகள் வேறு மிதந்துகொண்டிருந்தன.

"பத்து மணின்னு சொன்னேனே" என்றார் கென். அவர் முகத்தில் உண்மையான வருத்தம்.

தண்ணீர் ஒருமுறை நிறைந்தால் அறுவடை முடிகிறவரை நிறைந்துதான் இருக்கும். அடுத்த முகம் பார்க்க ஒரு வருடம்.

4

அடுத்த வருடம் நான் விடவில்லை. ஒன்பது மணிக்கே போய்விட்டேன். கரையில் ஏறவே பாசன அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று கென் சொல்லியிருந்ததால் அதையும் வாங்கினேன். கவுண்டரில் இருந்த பெண், "என்ன நோக்கம்?" என்று கேட்டாள். தண்ணீர் வருவதைப் பார்க்க என்றேன். "வந்த பிறகு பார்க்கலாமே" என்றாள். வந்த பிறகு பார்க்க நான் எதற்கு, வாத்து போதாதா? கடைசியில் 'பறவை ஆராய்ச்சி' என்று எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினாள். வழுக்கி விழுந்தால் நானே பொறுப்பு.

வாய்க்காலுக்கு நடுவே முக்காலியை நட்டேன். கேமராவைப் பூட்டினேன். குனிந்து, கண்ணை வைத்து, மூச்சுவிடாமல் காத்திருந்தேன். பத்து மணி. பத்தே கால். குளிரில் விரல் விறைத்தது. எதிரே வெடித்த மண், அதன்மேல் வெயில், அவ்வளவு அழகு. இதோ வரப்போகிறது, இதோ வரப்போகிறது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

தண்ணீர் வந்தது. என் குதிகாலில் வந்தது.

திரும்புவதற்குள் அது என் இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து, முக்காலியைச் சுற்றிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டது. எடுத்த படத்தில் தண்ணீரின் பின்பக்கம்தான் இருக்கிறது. கரையில் நின்ற கென் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஏன் அந்தப் பக்கம் பார்த்துட்டு நிக்கிறியேன்னு நானும் யோசிச்சேன்" என்றார். "பறவை ஏதோ இருக்குன்னு நினைச்சேன்."

நான் மேற்கே பார்த்து நின்றிருந்தேன். எங்கள் ஊரில் தண்ணீர் மேற்கேயிருந்துதான் வரும். அதற்கு வேறு திசை உண்டு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. 'மேக்க மழை' என்றால் ஆறு வரும், 'மேக்க அடைச்சுட்டான்' என்றால் பயிர் காயும். நான் நின்ற இடத்தில் வாய்க்கால் ஒரு பண்ணையைச் சுற்றி வளைந்து கிழக்கேயிருந்து வருகிறது. ஷட்டரை ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் சின்னக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து தம்பி தேவாவிடம் போனில் சொன்னேன். தேவா ஊரிலேயே இருந்து நிலத்தைப் பார்க்கிறவன். விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்து, "கெழக்கேருந்து எப்படிக்கா தண்ணி வரும்?" என்று கேட்டான். பார்த்தீர்களா.

5

மூன்றாம் வருடம் மார்ச்சில் கென் முதியோர் இல்லத்துக்கே வந்தார். அவர் அம்மா எங்களிடம்தான் இருக்கிறார்கள். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே சொன்னார்: இந்த வருடம்தான் கடைசி. அறுவடை முடிந்ததும் அந்த வாய்க்காலைத் தூர்த்துவிட்டுப் பூமிக்கடியில் பைப் போடப்போகிறார்கள். தண்ணீர் வீணாகாது, களை வராது, எல்லோருக்கும் நல்லது. சுற்றுவட்டாரத்தில் மண் வாய்க்காலாக மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு தண்ணீருக்கு முகம் ஏது? குழாயைத் திருப்பினால் வரும், மூடினால் நிற்கும். இந்த முறை விட்டால் விட்டதுதான், இந்த ஜென்மத்தில் அந்தப் படம் கிடையாது.

"கென், உங்க வாய்க்காலோட கடைசி எங்க இருக்கு?" என்று கேட்டேன். "கடைசி வயல். எல்லாரும் எடுத்த பிறகு தண்ணி போற இடம்."

கென் ஒரு பேப்பர் நாப்கினில் வரைந்து காட்டினார். எந்தப் பக்கமிருந்து தண்ணீர் வரும் என்று நான் கேட்காமலே பெரிதாக ஒரு அம்பும் போட்டுக் கொடுத்தார். மரியாதை கெட்ட மனுஷன். கடைசி வயலுக்கு மே மாதம் முதல் வியாழக்கிழமை மதியம் வரும் என்றார்.

கனடாவில் எனக்கும் ஒரு கடைமடை கிடைத்துவிட்டது. அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் காரில் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன்.

6

அந்த வியாழக்கிழமை ஷாரனுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வாத்தியார்களுக்கு ஏதோ கூட்டம். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள், பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் ஓட்டலாம் என்ற லைசென்ஸ். நாங்கள் இருவரும் பேசுவது குறைந்து போயிருந்த காலம் அது. அறைக் கதவு சாத்தியிருக்கும், காதில் ஏதாவது மாட்டியிருக்கும். சாப்பிட வா என்பதற்கும் நான் போனில் மெசேஜ் அனுப்ப வேண்டும். அவளை வாய் திறக்க வைக்க ஒரே வழி கார் சாவி. "ஓட்டுறியா?" என்றேன். உடனே வந்தாள்.

மதியத்துக்குத்தானே என்று நிதானமாகக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கென் போன் செய்தார். மேல் வயல்காரர் விதைப்பு முடியாததால் தண்ணீர் வேண்டாம் என்றுவிட்டார், தண்ணீர் நேராகப் போகிறது, சீக்கிரம் வா. அவ்வளவுதான், குடுகுடுவென்று ஓடி வண்டியில் ஏறினோம்.

ஊரைத் தாண்டி மண்ரோட்டுக்கு வந்ததும் பக்கத்தில் வாய்க்கால். எட்டிப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. போச்சு என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச தூரம் போனால் தண்ணீர் மெலிந்தது. இன்னும் கொஞ்சம் போனால், அதோ, நுரை கட்டிய மூக்கு, வாய்க்காலில் எங்களோடு சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறது. நான் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிவிட்டேன்.

"முந்துடி, அதை முந்து!"

"அம்மா, அது தண்ணிம்மா. பஸ் இல்ல." பதற்றத்தில் அவளுக்குத் தமிழ் வந்துவிட்டது.

முந்தினோம். ஆனால் அங்கே வாய்க்கால் ரோட்டை விட்டுப் பிரிந்து வயலுக்குள் போய்விட்டது. இந்த ஊர் ரோடு சதுரம் சதுரமாகத்தான் போகும், குறுக்கே புகமுடியாது. சுற்றிப் போய்த்தான் கடைசி வயலைப் பிடிக்க வேண்டும். முதல் திருப்பத்திலேயே விதைக்கிற இயந்திரம் ஒன்று ரோட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. ஹாரன் அடி என்றேன். இங்கே யாரும் அடிக்க மாட்டார்கள், அசிங்கம் என்றாள். நானே எட்டி அடித்தேன், நம் ஊர் மினி பஸ் அடிக்கிற மாதிரி நீளமாக. டிராக்டரில் இருந்தவர் திரும்பிப் பார்த்து, யாரோ தெரிந்தவர்கள் போலிருக்கிறது என்று சந்தோஷமாகக் கையை ஆட்டினார். வழி விடவில்லை. ஷாரன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. ஆனால் அதற்கெல்லாம் நேரமில்லை.

"நிறுத்து. ஓடுவோம்" என்றேன்.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடினோம். எனக்கு ஐம்பதைத் தொடுகிற வயசு, முழங்கால் வலி, கழுத்தில் கேமரா. வாய்க்கால் கரையைப் பிடித்துக் காற்றுக்கு எதிரே ஓடுகிறேன். மகள் எனக்கு முன்னால், அவளுக்கு முன்னால் வெடித்துக் கிடக்கிற வாய்க்கால், பின்னால் எங்கேயோ தண்ணீர். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூச்சு வாங்குகிறது, சிரிப்பும் வருகிறது, இரண்டும் சேர்ந்து விக்கல் எடுத்துவிட்டது.

கடைசி வயலின் மதகு தெரிந்தது. கென்னின் பிக்கப் அங்கே நின்றது. இந்த வருட அனுமதிச் சீட்டில் புதிதாக, கரையில்தான் நிற்கலாம், உள்ளே இறங்கக் கூடாது என்று எழுதியிருந்தது. நான் கென்னைப் பார்த்தேன். அவர் காப்பிக் குவளையை எடுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பித் தூரத்து மலையை ரசிக்க ஆரம்பித்தார்.

இறங்கினேன். அம்பு போட்ட திசையை நன்றாகப் பார்த்துக்கொண்டு குப்புறப் படுத்தேன். ஷாரன் கரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். புது ஷூ, சேறு பட்டால் போய்விடும். ஜீன்ஸைச் சுருட்டிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கி என் முன்னால் வந்து நின்றாள்.

"நான் எங்க நிக்கணும்?"

நான் அவளைக் கூப்பிடவே இல்லை. ஆள் இல்லாத படம்தான் எடுக்கப் போனேன். ஆனால் அந்தக் கால்களை அந்த மண்ணில் பார்த்ததும், அங்கேயே நில், நகராதே என்றேன்.

வந்தது. முதலில் சத்தம், அப்பளம் நொறுங்குகிற மாதிரி. பிறகு சருகு, வைக்கோல், ஒரு கோல்ஃப் பந்து, நுரை. வெடிப்பில் இறங்கும், நிரப்பும், மேலே வரும், அடுத்த வெடிப்பைத் தேடும். மோந்து மோந்து, நின்று நின்று. அப்படியே அதேதான். ஷாரனின் கால்விரலைத் தொட்டது. பனி உருகிய தண்ணீர்.

"ஐயோ அம்மா" என்று கத்தினாள். நான் அமுக்கினேன்.

என் மார்பு, வயிறு, முழங்கால் எல்லாம் நனைந்துவிட்டது. கேமராவைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு எழுந்தேன். நாங்கள் இரண்டு பேரும் அந்த வாய்க்காலில் தண்ணீருக்கு முன்னால் பின்பக்கமாக ஓடி மதகுவரை கூச்சல் போட்டுக்கொண்டு போனோம். கென்தான் முழுக்கப் பார்த்தார்.

7

ஜூனில் இந்த நகரத்து நூலகத்தில் என் படங்களை மாட்ட எனக்கு ஒரு சுவர் கொடுத்தார்கள். கழிவறைக்குப் போகிற வழியில் உள்ள சுவர்தான். இருந்தால் என்ன, எல்லோரும் ஒருமுறையாவது போய்த்தானே ஆக வேண்டும். வாத்தும் ஆந்தையும் சுற்றி இருக்க, நடுவில் பெரிதாகத் தண்ணீர். வானம் இல்லை, வயல் இல்லை. வெடித்த மண், நுரை, சருகு, இரண்டு வெறுங்கால். படத்தை மாட்டிவிட்டு வந்த அன்று சாயங்காலம் சந்தோஷம் தாங்காமல் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டேன். கீழே 'தண்ணி வந்தாச்சு' என்று எழுதினேன். வேறென்ன எழுதுவது?

இங்கே சாயங்காலம் என்றால் அங்கே விடிகாலை. நான் சாதம் வடித்துக்கொண்டிருந்தபோது தேவா வீடியோ காலில் வந்தான். பின்னால் ஒரே கூட்டம், ஒரே இரைச்சல்.

"அக்கா, அந்தப் போட்டோவ எங்க எடுத்த?"

"இங்கதான்டா."

"இங்கன்னா?"

"கனடாவுல. என் வாய்க்கால்ல."

தேவா போனைத் தாழ்த்திக்கொண்டு யாரிடமோ, "கனடாவாம்" என்றான். 

"அது எந்த வாய்க்கால் தலைப்புல இருக்கு?" என்று ஒரு குரல் கேட்டது.

நடந்தது இதுதான். தேவாவின் மனைவி கிளாரா காலையில் முதல் ஆளாகப் படத்தைப் பார்த்திருக்கிறாள். மேட்டூர் திறந்து நாளாகி, நாற்றங்கால் காய ஆரம்பித்து, ஊரே தண்ணீருக்குத் தவம் கிடக்கிற நேரம். கிளாரா அதை அப்படியே ஊர் விவசாயிகள் குரூப்பில் தள்ளிவிட்டாள். அரைமணி நேரத்தில் பூவும் விதைநெல்லுமாக அத்தனை பேரும் வாய்க்கால் கரையில்.

"நீங்க என்னைக்கு அண்ணி சொந்தமா எடுத்து அனுப்பியிருக்கீங்க?" கிளாரா கண் கலங்கப் போனை வாங்கிக்கொண்டாள். "எப்பவும் ஃபார்வர்டுதானே அனுப்புவீங்க. மேக்க யாரோ எடுத்ததுன்னு நெனச்சுட்டேன்."

வருகிற தண்ணீருக்காக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர்களிடம் என் வாய்க்காலைக் காட்டி ஏமாற்றியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். பக்கத்து வயல் மாரிமுத்து அண்ணன் கேமராவுக்குள் முகத்தை நுழைத்தார்.

"எஸ்தரு, அது யாரு காலு?"

"ஷாரன் காலுண்ணே."

"அதானே பாத்தேன். நம்ம புள்ள காலு. அதப் பாத்துத்தான் நம்பிக் கெளம்பி வந்தேன்."

ஷாரன் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

அங்கே வெறும் கையோடு திரும்பிப் போக யாருக்கும் மனசில்லை. மாரிமுத்து அண்ணன்தான் ஆரம்பித்தாராம். "கனடாவுல வந்த தண்ணி இங்கயும் வரத்தான் போவுது. வந்தா எப்படிப் போவும்? கோரையும் பிளாஸ்டிக்குமா அடைச்சுக் கெடக்கு." ஆள் கிடைக்கவில்லை, காண்டிராக்டர் வரவில்லை என்று பல வருடமாகத் தள்ளிப்போட்ட வேலை. அன்று ஊரே அங்கே நின்றது. யாரோ மண்வெட்டி எடுத்துவரப் போனார்கள், யாரோ அரிவாள். நான் மறுநாள் எழுந்து பார்த்தபோது குரூப்பில் வரிசையாகப் படங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் சேற்றில், எல்லோரும் கையைத் தொங்கவிட்டு நேராக நிற்கிறார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் வாய்க்கால் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது.

அந்த வருடம் எங்கள் கடைசி வயல்வரை தண்ணீர் தடையில்லாமல் வந்து சேர்ந்தது. தேவா வீடியோ அனுப்பினான். பாதி வானம், பாதி அவன் கட்டைவிரல். தண்ணீர் எங்கே என்று கேட்டேன். "சத்தம் கேக்குதுல்ல" என்றான்.

பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டான். "அக்கா, அடுத்த வருஷமும் அதே மாதிரி ஒண்ணு அனுப்பிடு. அப்பதான் ஆளுங்க வருவாங்க."

"முடியாதுடா. இங்க பைப் போட்டு மூடுறாங்க."

"அப்ப இங்க வந்து எடு."

"கிறிஸ்துமஸுக்கு வருவேன்ல."

"கிறிஸ்துமஸுக்கு வந்து என்னத்த எடுப்ப? கேக்கயா?" என்றான் தேவா. "ஜூன்ல வாக்கா. ஒரு தடவையாச்சும் ஜூன்ல வா."

இத்தனை வருடத்தில் எனக்கே இது ஏன் தோன்றவில்லை என்று திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். ஷாரன் சமையலறையிலிருந்து, நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை.

நேற்று வேலையிடத்தில் மேலதிகாரியிடம் அடுத்த வருட லீவு கேட்டேன். எந்தத் தேதி என்றார். தண்ணீர் வரும்போது என்றேன். அது எப்போது வரும் என்று கேட்டார். யாருக்கும் தெரியாது, போய்த்தான் காத்திருக்க வேண்டும் என்றேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே ஜூன் முழுவதும் என்று எழுதினார்.

ஜூலையில் பாதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். எங்களுடையது கடைமடை.